பெருநாள் உணவில் பிறர் பங்கு

பெருநாள் உணவு எது என்று நம்மவர்களைக் கேட்டால், பிரியாணி என்பார் ஒருவர். நெய்ச்சோறும் களறிக் கறியும் என்பார் காயல்பட்டணத்துக்காரர். வட்டிலப்பம் இல்லாத பெருநாளும் ஒரு பெருநாளா என்று கேட்பார் கீழக்கரைக்காரர். மூவரும் தத்தம் ஊர் வழக்கைச் சொல்கிறார்கள்; அதில் பிழை காண இடமில்லை. ஆயினும் மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டிப் பார்ப்போமானால், நோன்புப் பெருநாளுக்கென்று கடமையாக்கப்பட்ட உணவு ஒன்றே ஒன்றுதான் காணக் கிடைக்கிறது. அதை நாம் உண்பதற்கில்லை. நம் வீட்டிலிருந்து ஏழையின் வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு ஸாஉ தானியம் அது. ஸதகத்துல் ஃபித்ர் என்று நூல்களிலும், ஃபித்ரா என்று பேச்சு வழக்கிலும் அதனைக் கூறுகிறோம்.

ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் வியாபாரிகளாகிய நமக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த நாட்கள். சிங்கப்பூரில் கேலாங் சிராய் வட்டாரமானாலும், கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரமானாலும், பினாங்கில் சூலியா வீதியானாலும் இதே கதைதான். துணியும், அத்தரும், பேரீச்சம்பழமும், மளிகையும் விற்றுப் பிறருடைய பெருநாளை நிறைவாக்கிக் கொடுத்துவிட்டு, தம்முடைய பெருநாளைப் பிறை தென்பட்ட பின்னரே நினைத்துப் பார்ப்பவர் நம்மில் பலர். அந்த அவசரத்தில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குத் தப்பிவிடுகின்றன. ஒன்று, ஃபித்ராவின் முறை. மற்றொன்று, நம் கடையில் உழைப்பவருடைய பெருநாள். நம்மவர் விரும்பி உண்ணும் பதார்த்தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இவ்விரண்டையும் ஆராய்வோம்.

முதலில் கஞ்சி

பெருநாளுக்கு முந்திய முப்பது நாட்களின் உணவு நோன்புக் கஞ்சி. அஸர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசல் அடுப்பில் தேக்சா ஏறிவிடும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் இம்மூன்றும் அடிப்படை. அதனுடன் அரைத்த இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், பட்டை, கிராம்பு, ஏலம், புதினா, மல்லித்தழை ஆகியவை சேரும். வசதியிருந்தால் கொத்துக்கறி. இறக்கும் சமயத்தில் தேங்காய்ப்பால். இந்நாட்டில் ரம்பை இலையும் போடுவதுண்டு. தாயகத்துக் கஞ்சியில் அநேகமாகக் கிடைக்காத மணம் அது. வெந்தயத்தில் மட்டும் கை தாராளம் காட்டக்கூடாது, கசந்துவிடும். அடிப்பிடிக்காமல் துடுப்பை விடாது போட்டுக்கொண்டிருப்பவரின் கைப்பக்குவத்தில்தான் கஞ்சியின் ருசி இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். வெந்தயம் உடற்சூட்டைத் தணிக்கும் என்று நம் பெரியோர் கூறுவர். அது எவ்வாறாயினும், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நீரும் அருந்தாதிருந்த வயிற்றுக்கு, நீரும் உப்பும் குழைந்த தானியமும் ஒருங்கே சேர்ந்த உணவு இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826ஆம் ஆண்டு நம் முன்னோர் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலும், பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலும் கஞ்சி வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். அவ்வரிசையில் தமிழ் பேசுவோர் மட்டும் நிற்பதில்லை. மலாய்ச் சகோதரர்கள் தூக்குச்சட்டியுடன் வருகிறார்கள். வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்த வாலிபர்கள் வருகிறார்கள். முஸ்லிமல்லாத அண்டை அயலாரும் வாங்கிச் செல்வதுண்டு. யாரிடமும் ஊரைக் கேட்பதில்லை. ஷாஃபிஈயா ஹனஃபியா என்று விசாரிப்பதுமில்லை. பாத்திரம் நீண்டால் அகப்பை சாயும்.

தமிழ்நாட்டில் ரமலான் மாதத்துக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரசாங்கம் அரிசி வழங்குகிறது. இங்கே நாள் ஒன்றுக்கு ஒருவராகவோ, பலர் கூடியோ கஞ்சிச் செலவை ஏற்றுக்கொள்வது நெடுநாள் வழக்கம். நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்தவருக்கு, அந்நோன்பாளியின் நற்கூலியில் ஒன்றும் குறையாமல், அதற்கு ஒப்பான கூலி உண்டு என்ற கருத்தில் திர்மிதீயில் நபிமொழி பதிவாகியிருக்கிறது. முதல் குறையாமல் லாபம் சேரும் இத்தகைய கணக்கை எந்தப் பேரேட்டிலும் நாம் காண்பதற்கில்லை.

அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன புத்திமதி ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. குழம்பு காய்ச்சும்போது தண்ணீரைக் கூட்டிவைத்து, அண்டை வீட்டாருக்கும் அதில் பங்கு கொடுக்கும்படி அவர்களுக்குக் கூறினார்கள். முஸ்லிமில் இது காணப்படுகிறது. கறியைக் கூட்ட வசதியில்லாதவரும் நீரைக் கூட்டலாமன்றோ? கஞ்சியின் தத்துவமே இதுதான். ஒரு படி அரிசியைச் சோறாக்கினால் சிலருக்குக் காணும். கஞ்சியாக்கினால் பலருக்குக் காணும். 2020ஆம் ஆண்டு ரமலானில், தொற்றுநோயின் காரணமாகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிவாசல்களில் மக்கள் கூடுவது நிறுத்தப்பட்டபோது, வீட்டில் அதே சாமான்களைப் போட்டுக் காய்ச்சியும் அந்த ருசி வரவில்லை என்று பல குடும்பங்களில் சொல்லக் கேட்டோம். குறைந்தது சாமான் அன்று; பக்கத்தில் அமர்ந்து குடிக்கும் ஆள்.

கடல் கடந்த இனிப்புகள்

பெருநாள் காலைப் பசியாறலுக்கு வருவோம். வட்டிலில் ஊற்றி ஆவியில் அவிப்பதால் வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் இவ்வளவே அதன் சாமான். மலாய்க்காரர்களின் ஸ்ரீகாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரைதான். கீழக்கரைத் தொதல் என்று ஊர்ப்பெயரோடு விற்கப்படும் பண்டமும், இங்கே ஹரி ராயாவுக்குப் பெரிய இரும்புச் சட்டியில் பல மணி நேரம் கிண்டப்படும் டோடோலும் பெயராலும் உறவு, பக்குவத்தாலும் உறவு. இங்கே தென்னம்பாளையில் இறக்கிய குலா மலாக்கா. அங்கே பனையில் இறக்கிய கருப்பட்டி. வேற்றுமை மரத்தில்தான். நோன்பு திறக்கும் வேளையில் நம் வீடுகளில் பாலோடு காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசியை இந்நாட்டார் அகார் அகார் என்பர். உலகமே இன்று அந்த மலாய்ப் பெயரால்தான் அதனை அழைக்கிறது. நம்முடைய அச்சு முறுக்கு இங்கே குவே லோயாங். நம் அப்பம் இங்கே அப்பாம். நம் புட்டு இங்கே புத்து.

கடை என்ற நம் சொல் கெடாய் ஆகவும், முதல் என்பது மோடால் ஆகவும், கப்பல் என்பது காப்பால் ஆகவும் மலாய் மொழியில் வாழ்வதை வியாபாரிகள் அறிவர். கப்பலும் முதலும் கடையும் போன வழியிலேயே பலகாரங்களும் போக்குவரவு செய்திருக்கின்றன. ஆகவே வட்டிலப்பம் எங்கள் ஊருக்கே சொந்தம், உங்கள் ஊருக்குச் சொந்தமில்லை என்று ஊர்ச் சங்கங்களுக்கிடையில் நடக்கும் வாதம் பொழுதுபோக்குக்கு உதவும், வேறொன்றுக்கும் உதவாது. பெருநாளன்று மலாய் வீட்டிலிருந்து கெத்துபாட்டும் ரெண்டாங்கும் நம் வீட்டுக்கு வருவதும், நம் வீட்டுத் தால்ச்சாவும் பிரியாணியும் அங்கே போவதும் அந்தப் பழைய போக்குவரவின் தொடர்ச்சியே. பிரியாணியைப் பற்றி நாம் தனியே எழுதத் தேவையில்லை. அதற்கு வேண்டிய விளம்பரம் ஏற்கெனவே இருக்கிறது.

அரிசி இல்லாத பெருநாட்கள்

இவ்வளவு பண்டங்களையும் சொல்லும்போது, அவை ஒன்றுமில்லாத பெருநாட்களும் இந்நாட்டில் வந்துபோயின என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்கு மாறியது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரும் அரிசியை நம்பியிருந்த நாடு இது. அரிசி பங்கீட்டுப் பண்டமாயிற்று. பங்கீடும் வரவரச் சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நாகப்பட்டினத்துக் கப்பல் நின்றது. ஊருக்குப் பணமும் போகவில்லை. ஊரிலிருந்து கடிதமும் வரவில்லை. 1945ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் செப்டம்பர் 8ஆம் தேதி வாக்கில் வந்தது. பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் வந்திறங்கியது அம்மாதம் 5ஆம் தேதி. ஜப்பானியர் இங்கே முறைப்படி சரணடைந்து கையெழுத்திட்டது 12ஆம் தேதி. இவ்விரண்டுக்கும் இடையில், யார் ஆட்சி என்பதே முழுதும் தெளிவாகாத ஒரு வாரத்தில், மக்கள் தக்பீர் சொல்லியிருக்கிறார்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஒரு ஸாஉ அரிசி கைக்கு வருவது ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை அந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

ஃபித்ராவின் அளவும் நேரமும்

இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதின்படி, முஸ்லிம்களில் சுதந்திரமானவர், அடிமை, ஆண், பெண், சிறியவர், பெரியவர் ஆகிய ஒவ்வொருவருக்காகவும் பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ கொடுப்பதை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கடமையாக்கினார்கள். மக்கள் தொழுகைக்குப் புறப்படுமுன் அதைக் கொடுத்துவிடவும் கட்டளையிட்டார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நோன்பாளியிடம் நேர்ந்த வீண்பேச்சு முதலிய குறைகளைப் போக்குவது, ஏழைகளுக்கு உணவாவது என்று இதன் இரு நோக்கங்களை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு விளக்குகிறது.

ஸாஉ என்பது எடையன்று, முகத்தல் அளவை. நடுத்தர மனிதர் ஒருவர் தம் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு ஒரு முத்து. நான்கு முத்து கொண்டது ஒரு ஸாஉ. ஒரே படியில் அளந்தாலும் ஒருவகை அரிசியின் எடை மற்றொரு வகைக்கு ஒவ்வாது என்பதை அரிசி மண்டிக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2.3 கிலோ என்றும், மலேசிய மாநிலங்களில் அதனினும் சற்றுக் கூடுதலாகவும் கணக்கிடுவதைக் கண்டு சிலர் மயங்குகிறார்கள். முகத்தல் அளவையை நிறுத்தல் அளவைக்கு மாற்றும்போது இத்தகைய வேற்றுமை வருவது இயல்பே. அவரவர் வாழும் ஊரின் மார்க்க சபை அறிவிக்கும் அளவைப் பின்பற்றினால் போதும்.

நம்மிடையே இரு மத்ஹபினரும் உள்ளனர். கடற்கரை ஊரார் பெரும்பாலும் ஷாஃபிஈ. ராவுத்தர்களும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தாரும் பெரும்பாலும் ஹனஃபி. ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வூர் மக்களின் பிரதான உணவு எதுவோ அதில் ஒரு ஸாஉ. பணமாகக் கொடுப்பதை அம்மத்ஹபின் பழைய நூல்கள் ஏற்பதில்லை. ஹனஃபி மத்ஹபில் கிரயமாகவும் கொடுக்கலாம். கோதுமையானால் அரை ஸாஉ போதும். இந்நாடுகளின் மார்க்க சபைகள் இன்று பணமாகவே வசூலிக்கின்றன.

யார் மீது கடமை என்பதிலும் வேற்றுமை உண்டு. ஹனஃபியில் நிஸாப் அளவுக்குப் பொருள் உள்ளவர் மீது வாஜிபு. ஷாஃபிஈயில், பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தமக்கும் தம் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் வேண்டிய உணவு முதலிய அவசியத் தேவைகள் போக மிஞ்சினாலே கடமையாகிவிடும். அதாவது, ஃபித்ரா வாங்கும் தகுதியுள்ள ஏழையே ஃபித்ரா கொடுப்பவராகவும் ஆகக்கூடும். நமக்கு இது மிகவும் பிடித்த சட்டம். ஏழையை எப்போதும் கையேந்துபவராகவே வைத்திராமல், ஆண்டுக்கு ஒரு நாளாவது கொடுக்கும் கையாகவும் ஆக்கி வைத்திருக்கிறது.

நேரத்தைப் பற்றி: ஷாஃபிஈயில் ரமலானின் கடைசி நாள் சூரியன் மறையும்போது கடமையாகிறது, ரமலான் தொடக்கத்திலிருந்தே முன்கூட்டிக் கொடுப்பதும் கூடும். கடைசி நாள் அஸருக்குப் பின் பிறந்த குழந்தைக்கும் தகப்பனார் கொடுக்க வேண்டும். மஃரிபுக்குப் பின் பிறந்தால் வேண்டியதில்லை. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுப்பதே சிறப்பு. காரணமின்றிப் பெருநாள் சூரியன் மறையும் வரை தாமதிப்பது பாவம். அதன் பிறகும் கடன் கழுத்தில் நிற்கும். கடையை நள்ளிரவில் அடைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பவர் கவனிக்க. கொடுக்கும் இடம் திறந்திருக்கும்போதே, கடையிலிருந்து ஒரு பையனை அனுப்பியாவது அதை முடித்துவிடுவது உத்தமம். ஜகாத் வேறு, ஃபித்ரா வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்ததால் மற்றது நீங்காது.

பெருநாள் சாமான் விற்பவர்களுக்கு இன்னொரு சொல். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் வசனங்களோடு தொடங்கும் அத்தியாயம் திருக்குர்ஆனில் 83ஆவது. ஏழைக்குக் கொடுக்கும் ஸாஉவைச் சரிபார்த்து அளந்து அனுப்பிவிட்டு, அதே நாளில் வாடிக்கைக்காரருக்கு நிறுக்கும் பேரீச்சம்பழத்தில் பெட்டியின் எடையையும் சேர்த்து விலை போடுவது என்ன நியாயம்?

கடையில் உழைப்பவரின் பெருநாள்

நம் உணவகங்களிலும் கடைகளிலும் தாயகத்திலிருந்து வந்து வேலை செய்யும் சகோதரர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய மனைவி மக்கள் ஊரில். வட்டிலப்பம் அவிக்க அவர்களுக்கு இங்கே அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. பெருநாளன்று காலை தொழுதுவிட்டு, தங்கும் அறைக்குத் திரும்பி, தொலைபேசியின் திரையில் பிள்ளைகளின் புத்தாடையைப் பார்த்துவிட்டு, மீந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்பவரும் உண்டு. நாளெல்லாம் நூறு பேருக்குப் பரிமாறிய கை அது.

பணியாள் சமைத்துக் கொண்டுவந்த உணவை, அவரையும் உடன் அமர்த்தி உண்ணும்படியும், அது இயலாவிடில் ஒரு கவளம் இரு கவளமாவது அவருக்குக் கொடுக்கும்படியும் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அடுப்பின் வெப்பத்தை ஏற்றுச் சமைத்தவர் அவர் என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். அடுப்பருகில் நின்று புரோட்டா தட்டுபவரையும், தேக்சாவில் துடுப்புப் போடுபவரையும் வைத்து வியாபாரம் செய்யும் நம் சமூகத்துக்கு இதைவிட நேராகப் பொருந்தும் ஹதீது வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஃபித்ரா விஷயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி மனைவி, சிறு பிள்ளைகள், வசதியற்ற பெற்றோர் ஆகியோருக்காக நாம் கொடுக்க வேண்டும். சம்பள ஆளுக்காகக் கொடுக்கும் கடமை நமக்கில்லை. அன்பினால் கொடுக்க விரும்பும் முதலாளிகள் பலர் உண்டு, அது நற்செயலே. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில், பிறருடைய ஃபித்ராவை அவர் அனுமதியின்றிக் கொடுத்தால் நிறைவேறாது. “உங்கள் ஃபித்ராவை நான் கொடுத்துவிடட்டுமா, தம்பி?” என்று ஒரு வார்த்தை கேட்டு, அவர் சரி என்ற பின் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாயின் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பிடிப்பது கொடுத்ததின் அழகையே கெடுத்துவிடும்.

காயல்பட்டணத்திலும் கீழக்கரையிலும் சஹன் வைத்து உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஒரு பெரிய தாலத்தில் சோறும் கறியும் வைத்து, இரண்டு மூன்று பேர் சுற்றி அமர்ந்து, தமக்கு முன்னுள்ள பக்கத்திலிருந்து எடுத்துண்பார்கள். எதிரே இருப்பவர் கப்பல் வைத்திருப்பவரா, கப்பலில் மூட்டை தூக்குபவரா என்று பார்ப்பதில்லை. பெருநாளன்று நண்பகலில் கடை ஆட்களை வீட்டுக்கு அழைத்து ஒரு சஹன் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வீட்டில் இடம் போதாதெனில் கடையையே இரண்டு மணி நேரம் அடைத்துவிட்டுப் பாய் விரிக்கலாம். முதலாளியும் அதே பாயில் அமர வேண்டும். சாப்பாட்டை அனுப்பிவைத்துவிட்டுத் தாம் வேறிடம் போய்விடுவது விருந்தாகாது. முஸ்லிமல்லாத ஊழியர்களையும் கூப்பிட வேண்டும். கஞ்சி வரிசையில் அவர்களை யாரும் விலக்கவில்லையே.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. பெரிய ஹோட்டல்களில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, நாற்பது ஐம்பது வகைகளை வரிசையாக வைத்து நோன்பு திறக்கும் விருந்துகள் இப்போது வியாபார உலகில் பரவியிருக்கின்றன. தொடர்புகளுக்காக ஒன்றிரண்டு தவிர்க்க முடியாதவை என்பதை அறிவோம். தட்டில் எடுத்த பாதி அப்படியே குப்பைக்குப் போவதையும் அங்கே பார்க்கிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துள்ள இறைவசனத்தை அந்த மேசைக்கு முன்னால்தான் படிக்க வேண்டும். அத்தகைய விருந்தில் ஒன்றைக் குறைத்தால் ஒரு கடையின் ஆட்கள் அனைவருக்கும் பெருநாள் சாப்பாடு கண்டுவிடும்.

இனிப் பெருநாள் காலை. அன்று நோன்பு வைப்பது ஹராம். தொழுகைக்குப் புறப்படுமுன் சில பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படையாக உண்டுவிட்டே நபி பெருமானார் (ஸல்) அவர்கள் செல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே குளித்து, உள்ளதில் நல்ல உடை உடுத்தி, ஃபித்ரா கொடுத்தாயிற்றா என்று வீட்டிலுள்ள தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்து, மூன்றோ ஐந்தோ பழம் உண்டு, தக்பீர் சொல்லிக்கொண்டு புறப்பட வேண்டும். வட்டிலப்பம் திரும்பி வந்த பின்.

ஹஜ்ஜுப் பெருநாளில் இந்த வரிசை மாறுகிறது. அன்று தொழுகை முடித்து வந்த பின்னரே உண்பது சுன்னத்து. குர்பானி இறைச்சியைப் பங்கிடும் முறையையும், கடை ஆட்களுக்கு அதில் கூலியாகக் கொடுக்கக்கூடாது என்ற சட்டத்தையும் அப்பெருநாளை ஒட்டிய இதழில் எடுத்துக்கொள்வோம்.